வண்ண ஓடுகளுக்கு வண்ணப்பூச்சு ஈடாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்லாமியக் கட்டடக்கலையில் சுவர்களில் பதிக்கப்படும் வண்ண ஓடுகளின் அலங்காரங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஈரானின் இஸ்பஹான் நகரில் 1453-ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்ப்-இ-இமாம் நினைவிடத்தின் கோலங்கள் ஐந்தே அடிப்படை வடிவங்களைக் கொண்டு அமைந்தவை என்று பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகிய இயற்பியலாளர்கள் 2007-இல் முன்வைத்த கருத்தைக் கட்டுரையாளர் தெளிவாக எடுத்துரைத்திருந்தார். கணிதத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த அக்கட்டுரையில், அந்த ஓடுகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை. சிதைந்த ஓட்டுச் சுவர்களை எப்படிப் பராமரிப்பது என்ற கேள்விக்கு விடை செய்முறையில்தான் இருக்கிறது என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஈரானிய மரபில் முக்கியமான முறைகள் இரண்டு. முதலாவது முஅர்ரக் எனப்படும் வெட்டொட்டு வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கண்ணாடி போன்ற மெருகிட்டுச் சுட்ட ஒற்றை நிற ஓடுகளை, வரைபடத்தின்படி சிறு துண்டுகளாகச் செதுக்கி, முகம் கீழே இருக்குமாறு இடைவெளியின்றி அடுக்கி, முதுகுப்புறத்தில் சுண்ணக் கலவையை ஊற்றி இறுகச் செய்து, பிறகு அந்தப் பலகத்தை அப்படியே சுவரில் பொருத்துவார்கள். இரண்டாவது ஹஃப்த் ரங்கி, அதாவது ஏழு வண்ண வேலை. இதில் ஒரே சதுர ஓட்டின்மேல் பல நிறங்களைத் தீட்டி, அவை உருகும்போது ஒன்றோடொன்று கலந்துவிடாமல் மாங்கனீசு கலந்த எண்ணெய்ப் பசையால் கருங்கோடு இட்டு, எல்லாவற்றையும் ஒரே சூட்டில் சுட்டெடுப்பார்கள். முதல் முறையில் ஒவ்வொரு நிறமும் தனக்கு உகந்த வெப்பத்தைப் பெறுவதால் ஒளி ஆழமாகத் தெரிகிறது. இரண்டாவதில் எல்லா நிறங்களும் ஒரு பொது வெப்பத்துக்கு உடன்பட வேண்டியிருப்பதால் அந்த ஆழம் சற்றுக் குறைகிறது. ஆனால் வேலை பன்மடங்கு விரைவாக முடியும், செலவும் குறையும்.

இரண்டையும் ஒரே கட்டடத்தில் காணலாம். ஈரானிய அரசர் முதலாம் ஷா அப்பாஸ் 1611-இல் தொடங்கிய இஸ்பஹான் பெரிய பள்ளிவாசலின் நுழைவாயில் முஅர்ரக் வேலையால் ஆனது. அது முடிவதற்கே 1616 ஆகிவிட்டது. உள்ளே உள்ள பரந்த சுவர்கள் பெரும்பாலும் ஹஃப்த் ரங்கி ஓடுகளால் மூடப்பட்டன. அரசரின் அவசரம் ஒரு கலையின் போக்கையே மாற்றியதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஓட்டின் உடலும் கவனத்துக்கு உரியது. காஷான் நகரக் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301-இல் எழுதிவைத்த குறிப்பின்படி, பத்துப் பங்கு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடி, ஒரு பங்கு கண்ணாடிப் பொடி, ஒரு பங்கு வெண்களிமண் ஆகியவை சேர்ந்ததே அந்தக் கலவை. வெங்கச்சங்கல் மிகுந்த அந்த வெண்ணிற உடலின்மேல், கோபால்ட்டின் கருநீலமும் செம்பின் பச்சைநீலமும் துலக்கமாக எடுபடும். இன்றைய தொழிற்சாலை டைல்ஸையோ வண்ணம் பூசிய சிமென்ட்டையோ அதன் அருகில் வைத்தால், வேறுபாட்டை உணர நிபுணர் எவரும் தேவையில்லை.

இந்தக் கலையைக் காண நம் வாசகர்கள் ஈரான் வரை போக வேண்டியதில்லை. கர்நாடகத்தின் பீதரில், பாமினி அரசின் அமைச்சரும் ஈரானின் கீலான் பகுதியிலிருந்து வந்தவருமான மஹ்மூத் கவான் 1472-இல் எழுப்பிய மதரசா இன்றும் நிற்கிறது. 1696-இல் வெடிமருந்து வெடித்ததில் அதன் முகப்பின் ஒரு பகுதியும் ஒரு மினாரும் அழிந்தன. எஞ்சிய மினாரைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் ஓட்டுப் பட்டைகளையும், முகப்பில் மிஞ்சியுள்ள எழுத்து வரிசையையும் பார்த்தபோது, ஒரு காலத்தில் அந்தச் சுவர் முழுவதும் எப்படி ஒளிர்ந்திருக்கும் என்று எண்ணி வெகுநேரம் நின்றிருந்தேன். ஹைதராபாத்தில் முஹர்ரம் துக்கக் கூட்டங்கள் நடக்கும் மண்டபமான பாதுஷாஹி ஆஷூர்கானாவில், கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி அரசர்களின் காலத்து வெட்டொட்டு வேலை இருக்கிறது. 1908-இன் மூசி ஆற்று வெள்ளத்தில் ஓடுகளை இழந்த இடங்களில், பின்னர் வண்ணப்பூச்சைக் கொண்டே ஓடு போன்ற தோற்றம் உண்டாக்கப்பட்டது. அந்தக் காலத்தின் நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் அசலுக்கும் பூச்சுக்கும் இடையிலான தூரம் அங்கே கண்கூடாகத் தெரிகிறது.

தில்லியின் ஹுமாயூன் கல்லறையில் வேறு வழி பின்பற்றப்பட்டது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து மேற்கொண்டு 2013-இல் நிறைவு செய்த சீரமைப்பில், கூரைமேல் உள்ள சிறு மண்டபங்களின் குவிமாட ஓடுகளைப் பழைய கலவையிலேயே மீண்டும் உருவாக்கினார்கள். உஸ்பெகிஸ்தான் கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டு, பக்கத்திலுள்ள நிஜாமுதீன் குடியிருப்பின் இளைஞர்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். மெருகு உதிர்ந்துபோன பழைய ஓடுகளைக்கூட அகற்றாமல், இல்லாத இடங்களில் மட்டும் புதியவற்றைப் பதித்தார்கள் என்பதே இதில் நான் மிகவும் மதிக்கும் முடிவு.

சிதைந்ததைச் சிதைந்தபடியே விட்டுவைப்பதுதான் வரலாற்றுக்கு நேர்மை என்ற எதிர்வாதம் உண்டு. அதில் பாதி உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். இங்கேதான் கட்டுரையாளர் விளக்கிய கணிதம் உண்மையாகவே கைகொடுக்கிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரு கோலத்தில் எஞ்சியிருக்கும் பகுதியே இல்லாத பகுதியின் வடிவத்தைக் கோணம் பிசகாமல் சொல்லிவிடும் என்பதால், அதை நிரப்புவதில் ஊகத்துக்கு இடமில்லை. எழுத்து வரிசைகளும் கொடிப்பூ வேலைகளும் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே ஒரு சொல் போனால் போனதுதான். அதை யாரும் கற்பனையால் நிரப்பக் கூடாது. ஆகவே பீதரிலும் ஹைதராபாத்திலும், மீளும் கோலங்களில் விடுபட்ட ஓடுகளை மட்டும் பழைய முறையில் செய்து பதிக்கலாம் என்பதும், எழுத்துப் பகுதிகளைத் தொடாமல் உறுதிப்படுத்திக் காக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

தில்லியில் இத்தொழிலைக் கற்ற கைவினைஞர்களைச் சந்தித்து, அவர்களுடைய சூளை, கலவை, கூலி ஆகியவற்றைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும், கோலங்களின் படங்களோடு அவற்றைச் செதுக்கும் கைகளின் படங்களும் அதில் இடம்பெற வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி