காயம் ஆறாத நாயகர்கள்: ரோஸ்மேரி சட்க்ளிஃபுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரோஸ்மேரி அம்மாவுக்கு,

வாளும் குதிரையும் ரதமும் தேடித்தான் உங்கள் வரலாற்று நாவல்களுக்குள் வந்தேன். அவை நிறையவே கிடைத்தன. ஆனால் இன்றுவரை உங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் வேறு. உங்கள் நாயகர்களில் பலருக்கு உடம்பில் ஏதோ ஒன்று சரியில்லை. கதை முடிந்த பிறகும் அது சரியாவதில்லை. மந்திரமும் தெய்வங்களும் புழங்கிய பழைய பிரிட்டன் மண்ணைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதினீர்கள். ஒருவனைக் குணமாக்குவதற்கு ஒரு மந்திரத்தைக்கூட நீங்கள் செலவழிக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு நடை பழகும் வயதிலேயே மூட்டுநோய் வந்துவிட்டது. அப்பா கடற்படைக்காரர், ஊர் ஊராக மாற்றல். மால்டா தீவில்கூட இருந்தீர்கள். படுக்கையில் கிடந்த உங்களுக்கு அம்மா கிப்ளிங்கையும், பிரிட்டன், அயர்லாந்தின் பழங்குடிகளான கெல்ட்டியரின் பழங்கதைகளையும் வாசித்துக் காட்டினார். ஒன்பது வயதுவரை உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. 14 வயதில் பள்ளியை விட்டு, பிட்ஃபோர்ட் ஓவியப் பள்ளிக்குப் போய், சின்னஞ்சிறு உருவப்படங்கள் வரையக் கற்றீர்கள். எழுத்தெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

உங்களுக்குள் இருந்த அந்த ஓவியர் உங்கள் எழுத்தை விட்டுப் போகவே இல்லை. 1954-இல் வந்த 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' ரோமானியர் பிரிட்டனை ஆண்ட காலத்துக் கதை. அதில் மார்க்கஸ் ரோமானியப் படைத்தலைவன். காலில் பட்ட காயத்தால் படையிலிருந்து அனுப்பப்பட்டவன். எஸ்கா, பிரிட்டனின் பிரிகாண்டிஸ் இனத்துக் குலத்தலைவனின் மகன். மார்க்கஸ் விலைக்கு வாங்கிய அடிமை. ரோமாபுரி இவ்வளவு ஒழுங்கைக் கொண்டுவந்தும் உங்கள் ஆட்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று மார்க்கஸ் கேட்கிறான். எஸ்கா வாதம் செய்வதில்லை. ரோமானியக் குத்துவாளின் உறையையும், தன் நாட்டுக் கேடயத்தின் நடுக்குமிழையும் காட்டுகிறான். உறையில் எல்லாம் நேர்க்கோடு, எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்து நிற்கிறது. கேடயத்தில் வளைவுக்குள்ளிருந்து வளைவு புறப்பட்டு ஓடுகிறது, நிற்கும் இடமே இல்லை. இதைச் செய்தவர்களால் அதைச் செய்தவர்களின் கீழ் வாழ முடியாது. அவ்வளவுதான் அவன் சொல்வதன் சாரம். தேம்ஸ் நதியில் 1857-இல் கிடைத்த பழங்கால கெல்ட்டியக் கேடயமான பேட்டர்ஸி கேடயத்தின் படத்தைப் பார்த்தபோது எஸ்கா பேசியதுதான் எனக்குக் கேட்டது. பேரரசைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசிய பக்கங்களை நான் படித்ததில்லை. இத்தனைக்கும் சிறுவர்களுக்கென்று வெளிவந்த புத்தகம்!

மார்க்கஸின் கால் முழுதாகச் சரியாவதில்லை என்பது வலிக்கிறது. அதைவிட வலித்தது 'வாரியர் ஸ்கார்லெட்' நாவலின் திரெம். வெண்கலக் காலச் சிறுவன். உங்கள் சஸெக்ஸ் குன்றுகளில் வாழ்கிறவன். வலது கை விளங்காது. தனியாளாக ஓர் ஓநாயைக் கொன்றால்தான் வீரர்களின் சிவப்பு அங்கி. இவனுக்காக ஊர் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தும் என்று படிக்கிறவர்கள் எதிர்பார்ப்போம். நீங்கள் தளர்த்தவில்லை. அவன் தோற்கிறான், ஆடு மேய்ப்பவர்களோடு போய் வாழ்கிறான். அந்தச் சட்டம் நியாயமா என்று நீங்கள் ஓர் இடத்திலும் பிரசங்கம் செய்யவில்லை. சட்டத்தையும் பையனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள்.

கெல்ட்டிய உலகில் இந்தச் சட்டம் அரசன் வரைக்கும் பாய்ந்தது. அயர்லாந்துப் பழங்கதையில் நுவாடா போரில் கையை இழந்ததும் அரசுரிமையையும் இழக்கிறான். குறையுள்ள உடம்பு ஆளக்கூடாது. 1965-இல் நீங்கள் எழுதிய 'தி மார்க் ஆஃப் தி ஹார்ஸ் லார்ட்' முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. மிதிர் அரசனாகிவிடக் கூடாது என்று அவனுடைய கண்களைப் பறித்துவிடுகிறார்கள். அவனைப் போலவே முகம் கொண்ட ஃபெட்ரஸ், ரோமானியரின் வேடிக்கைக் களத்தில் வாட்சண்டையிட்டுப் பிழைத்த அடிமை, அவன் இடத்தில் அரசனாக நடிக்கப் போகிறான். கண் போன மிதிர் அவனை உட்கார வைத்துத் தன் சிறுவயதை, சிநேகிதர்களை, பழக்கவழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறான். தன் வாழ்க்கையையே இன்னொருவனுக்குக் கொடுக்கிற அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. நடிக்க வந்த ஃபெட்ரஸ், அந்த மக்களுக்காக ஓர் உண்மையான அரசன் கொடுக்க வேண்டிய விலையைக் கடைசியில் கொடுக்கிறான். முழு உடம்பு அரசனாக்குவதில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லாமலேயே புரிய வைத்துவிட்டீர்கள்.

வரலாற்றில் நீங்கள் நம்பிய சில விஷயங்களை ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. 'ஈகிள்' நாவலுக்குத் தூண்டுதலாக இருந்த, 1866-இல் இங்கிலாந்தின் சில்செஸ்டரில் கிடைத்த வெண்கலக் கழுகு ரோமானியப் படைக்கொடியிலிருந்து வந்ததல்ல, ஒரு சிலையின் பகுதி என்கிறார்கள். 'சன் ஹார்ஸ், மூன் ஹார்ஸ்' கதையில் நீங்கள் பிறக்க வைத்த உஃபிங்டன் வெள்ளைக் குதிரை, மலைச்சரிவில் 110 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற அந்தச் சுண்ணாம்புக் கோடு, நீங்கள் சொன்ன காலத்தைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. இருக்கட்டும். அடிமைப்பட்ட தன் மக்களின் விடுதலைக்காக அதை வரைகிற லூப்ரின் எனக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.

ஒரு குறை மட்டும் உண்டு அம்மா. 1978-இல், ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்த பிரிட்டன் அரசி புடிக்காவைப் பற்றி 'சாங் ஃபார் எ டார்க் குவீன்' எழுதினீர்கள். கதை சொல்பவன் அவளுடைய யாழிசைப் பாணன். நடுநடுவே ஓர் இளம் ரோமானிய அதிகாரியின் கடிதங்கள். இருவரும் ஆண்கள். ரோமானியரிடம் சாட்டையடி பட்டவள் அவள். அதை அவள் வாயாலேயே சொல்ல விட்டிருக்கலாம். உங்களால் முடிந்திருக்கும் என்பதால்தான் கேட்கிறேன்.

உங்களை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால், எல்லோரும் சொல்லும் கழுகுக் கதையை நான் முதலில் கொடுப்பதில்லை. 'ஹார்ஸ் லார்ட்' கொடுக்கிறேன். அதைப் படித்து முடித்தவர்கள் மற்றதைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் வாசகர்