அனவாத்தியின் அசல் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமய உரையாடல் குறித்த உங்கள் கட்டுரை, கெய்ரோவில் வாழ்ந்த டொமினிக்கன் சபைக் கத்தோலிக்கத் துறவி ஜார்ஜ் அனவாத்தியை (1905–1994) இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை, 1962–65) ஆலோசகர் என்ற அளவில் முடித்துக்கொண்டது. அந்தத் தகுதியை அவருக்குத் தேடித்தந்த உழைப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அலெக்சாந்திரியாவில் பிறந்து, மருந்தியல் படித்துவிட்டுத் துறவறம் பூண்டவர் அவர். அரபு லீகின் சார்பில் 1950-இல் அவர் வெளியிட்ட, இடைக்கால மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு சீனாவின் நூற்பட்டியலில் 276 தலைப்புகள் உள்ளன. இத்தகைய பட்டியலில் தலைப்பை நம்பவே முடியாது. ஒரே சிற்றேட்டின் கையெழுத்துப் படி ஒரு நூலகத்தில் 'ஆன்மா பற்றி' என்றும் இன்னொன்றில் வேறு பெயரிலும் பதிவாகியிருக்கும். பல ஏடுகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பில் முதல் ஏட்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் மற்றவை கண்ணில் படாமலே போகும். புகழுக்காகப் பிறர் நூல்களும் இப்னு சீனா தலையில் ஏற்றப்பட்டிருக்கும். தொடக்க வரி, முடிவு வரி, படியெடுத்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அப்படியும் சந்தேகம் முழுதாகத் தீராது. பின்னர் ஈரானிய அறிஞர் மஹ்தவி அதே நூல்களை உண்மையானவை, ஐயத்துக்குரியவை எனத் தனித்தனியே பிரித்தார்.

1953-இல் அனவாத்தியும் அவருடைய தோழர்களும் கெய்ரோவின் அப்பாசியாவில் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மதமாற்றம் அதன் நோக்கமல்ல. இஸ்லாமியப் பண்பாட்டை அதன் மூலநூல்கள் வழியே படிப்பதே நோக்கம். எகிப்தில் அச்சேறும் பழைய அரபு நூல்களைப் பற்றி அதன் ஆய்விதழில் அவர் தொடர்ந்து எழுதிவந்தார். முஸ்லிம் அறிஞர்கள் அவரை மதித்ததற்கு இந்தப் பணியே அடிப்படை என்பது என் உறுதியான கருத்து.

பிற சமயங்களுடனான உறவு பற்றி அந்தச் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட பிரகடனத்தையும் கட்டுரை கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறது. ஆதரவாக 2,221 வாக்குகள், எதிராக 88, சாதனைதான். முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குவதாக அது சொல்கிறது. ஆனால் நபிகள் நாயகத்தைப் பற்றியோ குர்ஆனைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. முஸ்லிம் வாசகர் முதலில் கவனிப்பது இதைத்தான். கட்டுரையாளர் இதைத் தொடாமல் விட்டிருக்கக் கூடாது.

அப்பாசியாவிலுள்ள அந்த நிறுவனத்தின் நூலகத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். இஸ்லாத்தின் முதல் பத்து நூற்றாண்டு நூல்களில் அது பெரும் கவனம் செலுத்துகிறது. அரபு படிக்கும் நம் மாணவர்களுக்கு அந்தத் தகவல் நேரடியாகப் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி