கர்ப்பப்பையை எடுத்தால் கசிவு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 22 வருடம் பால் வெட்டியவள் நான். மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். நாற்பது வயதில், பால் நிறைந்த வாளியோடு சரிவில் ஏறும்போது சிறுநீர் கசியத் தொடங்கியது. பிறகு தும்மினாலும் சிரித்தாலும் கசிந்தது. துணி வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமலே திரும்பியிருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு ஒரு மருத்துவமனையில் சொன்னபோது, கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். நாளும் குறித்தாயிற்று. தடுத்தது என் மைனி. அவருக்கும் இப்படிச் சொல்லித்தான் எடுத்தார்கள். கசிவு அப்படியே இருந்தது.

வேறொரு மருத்துவர் என்னை இருமச் சொல்லிப் பார்த்தார். சிறுநீர்க் குழாயைத் தாங்கும் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோனதால், வயிற்றில் அழுத்தம் ஏறும்போது கசிகிறது, இதற்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை என்றார். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து கசிவது வேறு. அதற்கு நான் கீழே சொல்லும் அறுவை சிகிச்சைகள் கிடையாதாம். முதலில் 3 மாதம், சிறுநீரை அடக்க உதவும் இடுப்படித் தசையை இறுக்கிப் பிறகு தளர்த்தும் பயிற்சி. பலருக்கு அதுவே போதும். எனக்குக் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம்தான் அறுவை சிகிச்சை. குழாயின் அடியில் செயற்கை வலை நாடா வைப்பது சின்ன அறுவை, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் நாடா ஆயுசு முழுக்க உள்ளேயே இருக்கும். சிலருக்கு உறுத்தி வலி கொடுக்கும், முழுதாக எடுப்பதும் கஷ்டம். இங்கிலாந்தில் 2018-இல் இதை நிறுத்திவைத்தார்கள். நம் அடிவயிற்றுத் தசையின் உறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்துத் தாங்கலாக வைப்பது இன்னொரு முறை. காயம் பெரிது, சிலருக்குக் கொஞ்ச நாள் சிறுநீர் பிரிவது சிரமமாகும். சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தையல் போட்டு மேலே தூக்கிக் கட்டுவதும் உண்டு. குழாயைச் சுற்றி ஊசி போடுவதும் உண்டு, அதன் பலன் நாளாக ஆகக் குறையும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் சொந்தத் தசை உறைப் பட்டையையே வைக்கச் சொன்னேன். சிறுநீர் போக வைத்த டியூபோடு சில நாள் கிடந்தேன். வாளி தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பல வாரம் கூலியும் இல்லை. இப்போது துணி வைப்பதில்லை.

இதையெல்லாம் முதல் மருத்துவமனையிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? நம் மாவட்டத்தில் மீன்கூடை சுமப்பவர்கள், அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போகிறவர்கள் எத்தனை பேர் இதை வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள்! ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில், 'இருமினால் சிறுநீர் கசிகிறதா? நர்ஸிடம் சொல்லுங்கள்' என்று சுகாதாரத் துறை ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். உங்கள் பத்திரிகையிலும் ஒரு பெண் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம், மகளுக்கு வரன் பார்க்கிறோம்.

ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்