முதலில் வாய்க்கால், பிறகு வலை

ஆசிரியருக்கு வணக்கம்.

2025-இல் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாறிய அரசு மாணவர் விடுதிகள் பலவற்றில் வாலிபால் திடல் இருந்த தடம் மட்டும் மிச்சமிருக்கிறது. சாய்ந்த இரண்டு கம்பங்கள், இடுப்பளவு பார்த்தீனியம், மழை விட்டும் வற்றாத குட்டை. பொங்கல் விடுமுறை முடிந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தால் இதை மீட்டுவிடலாம். ஆனால் பல இடங்களில் கம்பத்துக்குப் பெயின்ட் அடித்து வலை கட்டுவதையே முதல் வேலையாகச் செய்கிறார்கள். அடுத்த ஐப்பசியில் திடல் மறுபடி குட்டையாகிவிடுகிறது. தண்ணீர் வெளியேற வழி செய்யாமல் செய்யும் எந்த வேலையும் நிற்காது.

ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15. திறந்தவெளித் திடலுக்கு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு போதும். 15 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் ஏழரை சென்டிமீட்டர் தாழ்ந்தால் சரி. கண்மதிப்பு இங்கே ஏமாற்றும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய், வேண்டும். குழாய்க்குள் காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் மட்டம் தவறும். பிடிப்பதற்கு முன் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். தாழ்ந்த பக்கம் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, கட்டடத்தை விட்டு விலக்கி, மழைநீர்க் குழியில் சேர்க்க வேண்டும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை கட்டாயம். தோல் அரிப்போ மூச்சிரைப்போ உள்ள பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. நெருஞ்சி வேறு விதம். செடி போன பிறகும் முள் மண்ணில் கிடக்கும். பழைய கோணிச் சாக்கை நனைத்து, மேலே இரண்டு செங்கல் வைத்து, திடல் முழுக்க இழுத்தால் முட்கள் சாக்கில் ஏறிவிடும். சாக்கில் முள் ஏறுவது நிற்கும் வரை இழுக்க வேண்டும்.

மேலே இரண்டரை சென்டிமீட்டர் செம்மண் போட, இறுகும்போது குறைவதையும் சேர்த்து, நாலு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) தேவைப்படும். அனுமதிச் சீட்டோடு வரும் வண்டியில் மட்டும் வாங்குங்கள். பழைய தரையை ஐந்து சென்டிமீட்டர் கொத்திவிட்டுத்தான் புதுமண் கொட்ட வேண்டும். கொத்தாமல் கொட்டினால் இரண்டும் ஒட்டாது, சித்திரை வெயிலில் செதில் செதிலாகப் பெயரும். மாலையில் தண்ணீர் தெளித்து, காலையில் ரோலர் விட வேண்டும். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு வரும், சற்றுக் காயவிடுங்கள். ரோலர் கிடைக்காவிட்டால் மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டை போதும், நேரம்தான் கூடும்.

கம்பம் தரைக்கு மேல் 2.55 மீட்டர், உள்ளே முக்கால் மீட்டர். பக்கக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நட வேண்டும். ஒன்றரை அடிச் சதுரக் குழி, சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலந்த கான்கிரீட், இரண்டு கம்பத்துக்கும் சேர்த்து இரண்டு மூட்டை சிமெண்ட். ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றி வைத்த பிறகே வலையை இழுத்துக் கட்டலாம். அவசரப்பட்டு மறுநாளே கட்டுவதால்தான் இத்தனை விடுதிகளில் கம்பங்கள் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. வலைக்கான கொக்கியை 2.15, 2.24, 2.43 மீட்டர் என மூன்று உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்களுக்கான 2.43 மீட்டர் வலையில் ஆடவிட்டால் ஒரு வாரத்தில் ஆர்வம் போய்விடும்.

கோடு போடுமுன் மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். இரண்டும் 20.12 மீட்டர் வந்தால்தான் களம் கோணலில்லாமல் இருக்கிறது. சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். பந்துக்குப் பாய்ந்து விழுகிற பிள்ளையின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோலத்துக்கான கல்மாவு போதும்.

ஐம்பது பேர் உள்ள விடுதியில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, மாலை நாலரை முதல் ஆறு வரை வேலை செய்தால் படிப்பு கெடாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வு முடியும் வரை அழைக்க வேண்டாம். கடப்பாரையும் மண்வெட்டியும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். சிறுவர்களுக்குப் பாதிச் சட்டி மண், நூல் பிடிப்பது, முள் பொறுக்குவது. வெறுங்காலோடு யாரும் இறங்கக் கூடாது. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி (Td) என்ற ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டாயிற்றா என்று காப்பாளர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். வெல்டிங், மின்விளக்கு வேலைகளுக்குக் கூலி கொடுத்து ஆள் வையுங்கள். பெண்கள் விடுதிகளில் திடலின் குறுக்கே துணிக்கொடி இருக்கும். வேறு நல்ல இடத்தில் கொடி கட்டிக் கொடுத்த பிறகே அதை அவிழ்க்க வேண்டும்.

வலையும் பந்தும் நீடித்து உழைக்க இரண்டு பழக்கங்கள் போதும். ஆட்டம் முடிந்ததும் வலையைத் தளர்த்தி, கழற்றி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுவது ஒன்று. பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை நனைத்துச் செருகுவது மற்றொன்று. உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் கொடுத்தால் காற்று மிகுந்து பந்து முட்டை வடிவாகும், மணிக்கட்டும் வீங்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ அழுத்தமே அளவு.

இது பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகக் கொத்தச் சொல்வது கூடாது. திடல் சீரமைப்பு என்ற பெயரில் கழிவறை கழுவவும் சாக்கடை அள்ளவும் மாணவர்களை ஏவுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. மண், சிமெண்ட், கம்பம், வலை, பந்து ஆகியவற்றின் செலவு துறையுடையது. பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. மார்கழிக்குள் இந்தத் தொகையைக் காப்பாளர்கள் கையில் சேர்க்குமாறு ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளைக் கேட்டுக்கொள்கிறோம். மாசி பிறந்தால் மண் இறுகிவிடும், தேர்வும் நெருங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
வேலூர் மாவட்டம்.