'எடின்பரோ கல்' எடின்பரோவுடையது இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்கள் செதுக்கிய கற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன், நன்றாக இருந்தது. ஆனால் வேட்டைக் காட்சி உள்ள கல்லின் படத்துக்குக் கீழே 'எடின்பரோ கல்' என்று போட்டுவிட்டீர்களே! அது எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அதன் சொந்த ஊர் வடக்கே ஈஸ்டர் ராஸ் கடற்கரையில் உள்ள ஹில்டன் ஆஃப் கேட்பால்.

அந்தக் கல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கி.பி. 800 வாக்கில் செதுக்கியது. ஒரு பக்கம் சிலுவை. மறுபக்கம் குதிரையில் ஒரு பெண், பக்கத்திலேயே அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியும் சீப்பும், ஓரத்தில் கொம்பு ஊதும் இரண்டு பேர். 1676 வாக்கில் சிலுவைப் பக்கத்தை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, அலெக்சாண்டர் டஃப் என்பவருக்கும் அவருடைய மூன்று மனைவிகளுக்கும் நினைவு வாசகம் வெட்டினார்கள் (நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கல், அதுவும் பழைய கல்). அப்புறம் 1860களில் நிலச்சுவான்தார் அதை இன்வர்கார்டன் கோட்டைக்குக் கொண்டுபோனார். 1921இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பவே அதே வருடம் எடின்பரோவுக்குத் திரும்பியது.

இத்தனை ஊர் சுற்றியும் கல்லுக்கு அடிப்பாகம் இல்லை. அது முதலில் எங்கே இருந்தது என்பது மறந்துபோகாததால்தான் ஹில்டனின் பழைய தேவாலயத்தருகே தோண்டிப் பார்க்க முடிந்தது. 2001இல் அடிப்பாகம் மண்ணுக்குள்ளேயே கிடைத்தது, கூடவே அன்றைக்கு உளிக்குத் தெறித்த ஆயிரக்கணக்கான சில்லுகளும். அழிந்தே போனதாக நினைத்த சிலுவையின் துண்டுகள் அவை! அந்த அடிப்பாகத்தை உள்ளூர்க்காரர்கள் விடவில்லை, பக்கத்துப் பாலின்டோர் ஊர் மண்டபத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் இன்னொரு ஊரான ரைனியிலும் இதே கதைதான். 1978இல் வயலை உழுதபோது, தோளில் கோடாலியோடு நடக்கும் மனிதனைச் செதுக்கிய கல் கிடைத்தது. எந்த வயல் என்று தெரிந்திருந்ததால் 2011 முதல் அங்கே அகழாய்வு செய்தார்கள், மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த ஜாடிகளின் ஓடுகள் வரை அகப்பட்டன. கல்லை மட்டும் தூக்கிக்கொண்டு போய், எங்கே கிடைத்தது என்று எழுதி வைக்காமல் விட்டிருந்தால்? கல்லே தொலைந்துபோவதும் உண்டு. அங்கேயே பர்க்ஹெட் என்ற கடலோர ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த காளை உருவக் கற்கள் சுமார் 30 என்கிறார்கள், இன்று கையில் இருப்பவை 6. மற்றவை துறைமுகக் கட்டுமானத்துக்குள் போயிருக்கலாம் என்று பேச்சு.

ஆகவே இனிமேல் இப்படிப் படம் போட்டால் கல் கிடைத்த ஊரை முதலிலும் இப்போது இருக்கும் ஊரை அடுத்தும் போடுங்கள், ஒரு வரிதானே. ஹில்டனில் தேவாலயத்தருகே இப்போது ஒரு நகல் கல் நிற்கிறது. சிலுவைப் பக்கத்தையும் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். முடிந்தால் அடுத்த இதழில் அதன் படத்தைப் போடுங்களேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி