மயிலாடி சபை 1806-இல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக் கிராம ஆலயங்களைப் பற்றித் தங்கள் இதழில் வரும் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறேன். பிறந்து வளர்ந்த பக்கத்து ஊர்களின் பெயரை அச்சில் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் மயிலாடியைப் பற்றிய பகுதி, ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் வந்தார், கிறிஸ்தவ சபை பிறந்தது என்று தொடங்கியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ரிங்கல்தௌபே ஐயர் 1806 ஏப்ரலில் மயிலாடிக்கு வந்தது உண்மை. ஆனால் வழிதேடித் தானாக வந்தவர் இல்லை அவர். போய்க் கூப்பிட்டதால் வந்தவர். கூப்பிட்டவர் மயிலாடிக்காரரான வேதமாணிக்கம்.

அவருடைய பழைய பெயர் மகாராசன். சாம்பவர் குலத்தில் பிறந்தவர். அக்காலத் திருவிதாங்கூரில் அவர் சமூகத்தார் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை விளக்க ஒரே ஒரு செய்தி போதும்: மயிலாடிக்குப் பக்கத்திலிருக்கும் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. மகாராசனின் காலம் அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது. அப்படிப்பட்ட நாளில் தன் சகோதரி மகன் சிவகுருநாதனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தேடிப்போன நிம்மதி அங்கே கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கியபோது மிஷனரி கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். 1799-இல் ஞானஸ்நானம் பெற்றார். மகாராசன் வேதமாணிக்கம் ஆனார், சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. வீட்டாரையும் உறவுக்காரர்களையும் கூட்டி ஜெபம் நடத்தினார். இந்தக் கூட்டத்துக்குப் பாதிரியார் கிடையாது, கட்டடம் கிடையாது, சர்க்காரின் அனுமதியும் கிடையாது. எதிர்ப்பு மட்டும் தாராளமாக இருந்தது. தொல்லை பொறுக்க முடியாமல், குடும்பங்களோடு தஞ்சாவூர்ப் பக்கமே குடிபெயர்ந்துவிடலாமா என்று கேட்பதற்காக மறுபடியும் நடந்தார். அந்தப் பயணத்தில்தான் 1804-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்துக்கொண்டிருந்த ரிங்கல்தௌபேயைப் பார்த்து, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்றார். ஐயர் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே அவருக்காக ஒரு சபை ஏழு வருஷமாகக் காத்திருந்தது. இதைச் சொல்லாமல் சபை 1806-இல் பிறந்தது என்று எழுதுவது நியாயமா?

ரிங்கல்தௌபேயைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்த துணியோடு ஊர் ஊராக நடந்த மனிதர் அவர். ஆலயம் கட்ட அனுமதி வாங்க, ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலே வரைக்கும் போய் மன்றாடியிருக்கிறார். அதற்குள் ஆங்கிலேயருக்கு எதிராக வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி வந்துவிட்டது. அந்த நாட்களில் வேதமாணிக்கமும் சபையாரும் மலைகளில் ஒளிந்து கிடந்ததை எங்கள் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கலகம் அடங்கிய பிறகு, 1809-இல்தான் தெற்குத் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) ஆலயம் மயிலாடியில் எழுந்தது. அதே வருஷம் அங்கே தொடங்கிய பள்ளிதான் பின்னால் நாகர்கோவிலுக்கு மாறி, இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்தானது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சுற்றுவட்டாரத்திலும் சபைகள் எழும்பின.

தங்கள் கட்டுரை அடியோடு விட்டுவிட்ட காலம் ஒன்றும் உண்டு. 1816-இல் உடம்பு நொந்துபோய் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுக் கிளம்பினார். அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்தது 1818-இல். நடுவில் இரண்டு வருஷம் அத்தனை சபைகளையும் கட்டிக் காத்தவர் யார்? ரிங்கல்தௌபே எவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனாரோ அந்த வேதமாணிக்கம்தான். முன்னால் ஏழு வருஷம், பின்னால் இரண்டு வருஷம். வெள்ளைக்கார ஐயர் ஒருவரும் இல்லாத அந்த ஒன்பது வருஷத்தையும் நம் வரலாறுகள் வெற்றிடம் போலத் தாண்டிப் போகின்றன. மயிலாடி ஆலயத்தின் இன்றைய பெயரே ‘ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம்’. கல்லுளிச் சத்தம் கேட்கும் அந்தச் சிற்பிகளின் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

இப்படி ஒரு பாதி விட்டுப்போவதற்கு என்ன காரணம் என்று யோசித்திருக்கிறேன். மிஷனரிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. நம் ஆட்களைப் பற்றிய எழுத்து சபைப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. அவற்றை நாமே பாழாக்குகிறோம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய ஓட்டுக்கோயிலை இடித்துப் புதுக் கான்கிரீட் கோயில் கட்டினார்கள். உடைந்த பெஞ்சுகளோடு பழைய ஞானஸ்நானப் பதிவேடும் தாழ்வாரத்தில் கிடந்தது. ஐப்பசி மழையில் ஓரமெல்லாம் ஊறி, பக்கங்கள் அப்பளம் போல ஒட்டிப் போயிருந்தன. கமிட்டிப் பெரியவரிடம் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் போட்டு உலர்த்தினேன்.

அதில் மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தேதி. ஒரு கட்டத்துக்குள் முன்பெயர், அடுத்ததில் புதுப்பெயர். இசக்கி என்பதற்கு நேரே ஞானம்மாள். சுடலைக்கு நேரே யோவான். தொழில் என்ற இடத்தில் வரிசையாகப் பனையேற்று, பனையேற்று, பனையேற்று. கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒரு கீறல், அதன் பக்கத்தில் ‘இது இன்னார் கீறல்’ என்று சபை ஊழியரான உபதேசியாரின் எழுத்து. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ‘கோயில் கட்ட ஒரு வருஷம் கைப்பிடி அரிசி கொடுத்தவள்’ என்று பொடி எழுத்தில் இருந்தது. சோறு வைக்கும் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைக்கும் என் பாட்டியின் கை ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்தை அன்றைக்கு என்னால் மூட முடியவில்லை.

ஆகையால் இரண்டு வேண்டுகோள். அடுத்த இதழில் மயிலாடிப் பகுதிக்கு ஒரு திருத்தம் போட்டு, 1799-ஐயும் வேதமாணிக்கத்தின் பெயரையும் சேருங்கள். இனி எழுதப்போகும் ஊர்களுக்கு உங்கள் கட்டுரையாளர் போகும்போது, ஆலயத்தின் முகப்பைப் படம் பிடித்த கையோடு சபைப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் உலர்த்திய பதிவேட்டில் வாசிக்கக்கூடிய பக்கங்களை எல்லாம் பேத்தியின் செல்போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். சபையார் சம்மதம் தந்திருக்கிறார்கள். தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
அகஸ்தீஸ்வரம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.