திங்கட்கிழமை மூடியிருக்கும் அருங்காட்சியகத்துக்கு எங்களை அழைத்துப்போனது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கோயம்புத்தூர் அலுவலகம்.

பொருள்: அக்டோபர் மாத டெல்லி அருங்காட்சியகச் சுற்றுலா – 4 பேருக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி மெசேஜ் வந்ததோடு சரி. 11 முறை போன் செய்தேன். கோத்தகிரியிலிருந்து 2 முறை நேரிலும் வந்தேன். இதற்கு மேல் அலைய உடம்பில் தெம்பில்லை.

உங்கள் நான்கு நாள் டெல்லி பேக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாளுக்கு "அருங்காட்சியக நாள்" என்று பெயர் வைத்து, அதைத் திங்கட்கிழமையில் கொண்டுபோய் வைத்தது யார்? எனக்கு அது தெரிய வேண்டும்.

டெல்லியில் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. தேசிய நவீன கலைக்கூடத்துக்கும் திங்கள்தான் விடுமுறை. சாணக்கியபுரியில் இருக்கும் ரயில் அருங்காட்சியகமும் செங்கோட்டையும் அன்றைக்கு மூடல். நீங்கள் அமர்த்திய டிரைவருக்கே இது தெரிந்திருந்தது. ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகத்தின் கேட் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, கம்பெனி கொடுத்த பேப்பரில் இப்படித்தான் போட்டிருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று மத்தியானம் அவராகவே எங்களை ஹுமாயூன் கல்லறைக்குக் கூட்டிப்போனார், அது எல்லா நாளும் திறந்திருக்கும் என்று சொல்லி. உங்கள் அலுவலகத்தில் இருக்கும் யாருக்கும் இல்லாத அக்கறை அவருக்கு இருந்தது.

என் மனைவி 31 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். வருடா வருடம் சிந்துவெளிப் பாடம் வரும்போது அந்த நடனமங்கை படத்தைப் பிள்ளைகளிடம் காட்டுவார். வலது கை இடுப்பில், இடது கை முழுக்க வளையல். 1926இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலச் சிலை, உயரம் 10.5 சென்டிமீட்டர்தான், "உங்க உள்ளங்கையில நின்னுடுவா" என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவார். அது இருப்பது தேசிய அருங்காட்சியகத்தில். அவர் அதை நேரில் பார்த்ததே இல்லை. அதற்காகத்தான் இந்தப் பயணமே.

நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்ரிதா ஷெர்கில் 1937இல் தென்னிந்தியாவைச் சுற்றிப்பார்த்துவிட்டு வரைந்த 'பிரம்மச்சாரிகள்' படத்தைத் தபால் கார்டு அளவில்தான் பார்த்திருக்கிறேன். அந்த உடம்புகளின் பழுப்பு நிறம் அச்சில் சரியாக வருவதே இல்லை. 28 வயதில் போய்ச்சேர்ந்துவிட்ட அந்த அம்மாவின் படங்கள் அந்த நவீன கலைக்கூடத்தில்தான் அதிகம் இருக்கின்றன. அது இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸ் வாசலில் நின்று மேலே தெரிந்த குவிமாடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். செவ்வாய் காலையில் எங்களுக்கு விமானம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்? அன்றைக்கு எல்லாமே திறந்திருந்தது. எங்களை ஒரு சால்வைக் கடையிலும் ஒரு மார்பிள் கடையிலும் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தீர்கள். தோடர்கள் கையால் பூவேலை செய்த சால்வை கிடைக்கும் மலையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். சால்வை வாங்க டெல்லி வரை வர வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. என் அக்காவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அந்தக் கடை மாடிப்படியில் அவரை மாமாவும் நானும் தாங்கி ஏற்றினோம். சக்கர நாற்காலி வேண்டும் என்று பணம் கட்டும்போதே எழுதிக் கொடுத்திருந்தேனே, அது எங்கே போனது?

இப்போது உங்கள் கோவை அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவம்பரில் நல்ல மழை. காலை 6 மணி பஸ்ஸில் கிளம்பினேன். குஞ்சப்பனை பக்கம் மரம் விழுந்து 2 மணி நேரம் வண்டி நின்றது. மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, நனைந்த சட்டையோடு மதியம் 1 மணிக்கு வந்து சேர்ந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவர் சொன்னது இது: "பேப்பர்ல 'விசிட்'னுதான் சார் போட்டிருக்கு, 'என்ட்ரி'னு எங்கேயும் போடலையே." வாசல் வரை போய் வந்தாலே விசிட் ஆகிவிடுமாம். நான் விடாமல் கேட்டதும், "இந்த வயசுல பழைய பொம்மையப் பாக்க என்ன சார் அவசரம்" என்றார். பக்கத்தில் இருந்த பெண் சிரித்தார். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன், லீவு என்றார்கள். டிசம்பரில் மறுபடி வந்தபோதும் லீவு என்றார்கள். அன்றைக்கு ஒரிஜினல் ரசீது இல்லாமல் பேச முடியாது என்று வேறு ஒருவர் சொன்னார். அந்த ரசீதை நவம்பரில் வாங்கி வைத்துக்கொண்டதே உங்கள் ஆட்கள்தான்.

கடைசியாக நீங்கள் தர முன்வந்தது நுழைவுக் கட்டணம் தலைக்கு 40 ரூபாய். நான் கட்டியது 1,12,000 ரூபாய். எங்கள் நால்வரின் ஆயுளில் இன்னொரு டெல்லிப் பயணம் கிடையாது. ஒரு ஜென்மத்து ஆசையை மண்ணாக்கிவிட்டு 40 ரூபாய் கொடுத்தால் அது ஈடாகுமா?

நான் சண்டைக்காரன் இல்லை, ஐயா. உங்கள் நிறுவனத்தின் பேரைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் செவ்வாய் முதல் ஞாயிறுக்குள் 2 முழு நாள், கடைகள் எதுவும் இல்லாமல், அந்த இரண்டு இடங்களையும் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். அக்காவுக்குச் சக்கர நாற்காலியோடு. இரண்டில் எதுவானாலும் நான் சம்மதிக்கிறேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. அப்புறம் நீங்கள்தான் மலை ஏறி வர வேண்டியிருக்கும். உங்கள் பயணத் திட்டத் தாள், டிரைவர் எழுதிக் கொடுத்த சீட்டு, ஜன்பத்தில் மூடிய கேட் முன்னால் நாங்கள் நிற்கும் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இன்னொன்று. அந்த இளைஞர் என் மனைவிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், தன் கையெழுத்தில். "பழைய பொம்மை" என்ற வார்த்தையை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் டெல்லியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பதிலை எழுத்திலேயே அனுப்புங்கள். நேரில் வாருங்கள் என்று கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கோத்தகிரி.